நல்ல டீம்தான், சொன்ன விலைதான் கூட

கேள்வி:

வணக்கம் சார். காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 29. எங்கள் செட்டில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) ஆடுகிற சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிதான் உயிர். சீசன் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு வருஷமும் நான் "இந்தத் தடவை கப்பு நமக்குத்தான்" என்பேன். என் மாமா மகன் (என்னைவிட மூன்று வயது மூத்தவர், மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்) "உங்க டீம் வெறும் பில்டப்பு" என்பார். தோற்றவர் எட்டுப் பேருக்கும் மெஸ்ஸில் சாப்பாடு போட வேண்டும் என்பது பந்தயம். மச்சான்தான் 2018 சீசனில் எங்களுக்கெல்லாம் பல்லவன் ரயிலில் டிக்கெட் போட்டு, சென்னை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனவர். இந்த வருஷம் பேச்சு முற்றி, நான் எல்லார் முன்னாலும் "உங்களுக்கு ஃபுட்பால் தெரியாது மச்சான்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாக வேறு கடையில் டீ குடிக்கிறார். என் கேள்வி: ஒரு அணி பில்டப்பா, உண்மையிலேயே நல்ல அணியா என்று சீசனுக்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? எங்கள் அணி எத்தனையாவது வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

பதில்:

தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கால்பந்துக்காக, இரண்டாவது உங்கள் மச்சானுக்காக. கால்பந்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் சுலபம்.

உங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றனவே, காரைக்குடி வரும்போதெல்லாம் அங்கே ஒரு மணி நேரம் தொலைப்பேன். வாங்குவது அபூர்வம். போன தடவை ஒரு எனாமல் தூக்கு கண்ணில் பட்டது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, அடியில் காசு அகலத்துக்கு எனாமல் பெயர்ந்து கறுப்பாகத் தகரம் தெரிந்தது. கடைக்காரர் ஆறாயிரம் சொன்னார். "நல்ல தூக்கு" என்றேன், அவருக்குச் சந்தோஷம். "ஆறாயிரத்துக்கு இல்லை" என்றேன், முகம் சுண்டிவிட்டது. தூக்கைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை நான். அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

உங்கள் டீக்கடையில் நடந்ததும் இந்தப் பேரம்தான். மச்சான் 'பில்டப்பு' என்கிறார், நீங்கள் உடனே ஆட்டக்காரர் பெயர்களை அடுக்குகிறீர்கள், 2015 கோப்பையையும் 2018 கோப்பையையும் காட்டுகிறீர்கள். நம்ம அணி நல்ல அணி என்று சாதிக்கிறீர்கள். அதை அவர் மறுக்கவே இல்லை. அவர் மறுப்பது விலையை. 'கப்பு நமக்குத்தான்' என்பதற்கு மேல் ஒரு லீகில் விலை கிடையாது. பத்துக்கு மேல் அணிகள் ஆடுகிற இடத்தில் எந்த அணிக்கு அந்த விலையைச் சொன்னாலும், சொன்னவருக்குப் பெரும்பாலான வருஷம் நஷ்டம்தான். ஒன்றுமே பார்க்காமல் வருஷா வருஷம் 'கிடைக்காது' என்று சொல்கிறவர் பெரும்பாலான வருஷம் ஜெயிப்பார். ஆக, மெஸ் சாப்பாட்டை அவர் அதிகம் ஜெயித்திருந்தால் அதை வைத்து அவருக்குக் கால்பந்து தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாது என்று நீங்கள் சொன்னதற்கும் அது ஆதாரமாகாது.

சரி, விலையை எப்படிப் பார்ப்பது? 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூரு அணியோடு ஃபைனல். உங்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாவது நிமிடமே அவர்கள் பக்கம் சேத்ரி அடித்துவிட்டார். அப்புறம் நம்ம மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி ஒன்று, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அதே மாதிரி இன்னொன்று. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசியில் 3-2. இதில் மெயில்சன் யார்? சென்டர் பேக். கோல் விழாமல் காக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர். கோப்பையைக் கொண்டுவந்த மூன்று கோலில் இரண்டு அவருடைய நெற்றியிலிருந்து வந்தது. அது குருட்டாம்போக்கு என்று சொல்ல வரவில்லை. கார்னரில் ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் பயிற்சி இருக்கிறது, நானே பையன்களை மணிக்கணக்கில் ஓட விட்டிருக்கிறேன். ஆனால் அடுத்த வருஷத்துக்கு வரவு செலவு போடும்போது, ஃபைனலில் சென்டர் பேக் இரண்டு கோல் அடிப்பார் என்பதை நிலையான வருமானமாக எழுதிக்கொள்ள முடியாது.

இப்போது அந்த சீசன் லீக் பட்டியலை எடுத்து, புள்ளிக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கோல் கட்டத்தை மட்டும் பாருங்கள். 18 ஆட்டத்தில் நாம் அடித்தது 24, வாங்கியது 19. மிச்சம் 5. நமக்கு அடுத்து மூன்றாவதாக வந்த கோவா 42 அடித்து 28 வாங்கியது, மிச்சம் 14. நாலாவதாக வந்த புனேவுக்கு மிச்சம் 9. முதலில் நின்ற பெங்களூருவுக்கு 19. புள்ளியில் நமக்குக் கீழே இருந்த இரண்டு பேரும் கோல் கணக்கில் நமக்கு மேலே. அரையிறுதியில் அதே கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-1 என்று கவிழ்த்தோம், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனாலும் 2018 கோடையில், கையில் கோப்பையோடு நின்ற அந்த அணி, இரண்டு ஆட்டத்துக்கு ஒருதரம்கூட இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிற பழக்கம் இல்லாத அணி. ஒரு கோல் இந்தப் பக்கம் விழுந்தால் மூன்று புள்ளி, அந்தப் பக்கம் விழுந்தால் ஒன்றுமில்லை.

அடுத்த சீசன் அந்தப் பக்கம் விழுந்தது. அதே ஜான் கிரிகரிதான் பயிற்சியாளர். 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது இடம். முந்தின சீசனில் 9 கோல் அடித்த ஜெஜே அந்த வருஷம் லீகில் அடித்தது ஒன்றே ஒன்று. நமக்கு இது முதல் தடவையும் இல்லை. 2015ல் கோப்பை வாங்கிய கையோடு 2016ல் எட்டு அணியில் ஏழாவதாக வந்தோம்.

காரணம் இந்த விளையாட்டின் உடம்பிலேயே இருக்கிறது. கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை தடவை பந்து வளையத்துக்குள் விழுகிறது! அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து கடைசியில் சமமாகிவிடும். கால்பந்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஒரு ஆட்டத்துக்கு மூன்று கோல் வந்தாலே பெரிது. கம்பத்தில் பட்ட ஒரு பந்து, நடுவர் கொடுத்த ஒரு பெனால்டி போதும், முடிவு புரண்டுவிடும். அதனால்தான் புள்ளியைவிடக் கோல் வித்தியாசம் கொஞ்சம் உண்மை பேசும். அதைவிட, எவ்வளவு நல்ல இடத்திலிருந்து எத்தனை ஷாட் அடித்தார்கள், எத்தனை அடிக்கவிட்டார்கள் என்ற கணக்கு இன்னும் கொஞ்சம் உண்மை பேசும். இப்போது எக்ஸ்ஜி என்று டிவியில் காட்டுகிறார்களே, அது இதுதான். பெனால்டி அடித்தால் நூற்றுக்கு முக்கால்வாசிக்கு மேல் கோலாகும், முப்பது கெஜத்திலிருந்து உதைத்தால் ஏதோ இரண்டு மூன்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இப்படி ஒரு மதிப்பு போட்டுக் கூட்டுகிறார்கள். ஒரு ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்துச் சண்டை போடாதீர்கள், அது வீண். ஒரு சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பேசும்.

என் சொந்தக் கதை ஒன்று. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில் மைதானம் கிடையாது, கண்மாய்தான் மைதானம். தண்ணீர் வற்றினால் சீசன் ஆரம்பம், மழை பெய்தால் சீசன் முடிவு. ஒரு வருஷம் எங்கள் பையன்கள் போட்டியை ஜெயித்தார்கள். நாலு ஆட்டம்: 1-0, 1-0, டை பிரேக்கர், 1-0. முதல் ஆட்டத்துக் கோல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பொடியன் சும்மா உருட்டிவிட்ட பந்து, கண்மாய்த் தரையில் இருந்த வெடிப்பில் பட்டுத் துள்ளி, குனிந்து நின்ற கோல்கீப்பரின் தோளுக்கு மேலே போனது. அடுத்த வருஷம் போட்டிக்கு முன்னாலேயே பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள், 'வெற்றி வீரர்களே' என்று ஆளுயர எழுத்தில். நானும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். முந்தின வருஷம் நாங்கள் ஜெயித்த அதே பள்ளியிடம் முதல் சுற்றிலேயே 3-0. அந்த ஃப்ளெக்ஸ் அப்புறம் இரண்டு மழைக்காலம் சைக்கிள் ஷெட் ஓட்டையை மூடியது. பையன்கள் மட்டமாகிவிடவில்லை. முதல் வருஷம் நாங்கள் யாரும் கணக்கைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, ஆள் கணக்கு. ஐ.எஸ்.எல்.லில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் வெளிநாட்டு வீரர்கள் ஒரு வருஷ, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள். 18 ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், 90 நிமிடம், 11 பேர், மொத்தம் 17,820 நிமிடம். போன சீசனில் அந்த நிமிடங்களை ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். உங்கள் கடையில் தாளுக்குப் பஞ்சமா! பாதிக்குக் கீழே போனால் போன வருஷப் பட்டியலை மடித்து வைத்துவிடுவது என் வழக்கம், அது வேறு யாரோ ஆடிய ஆட்டம். அதிலும் கோல்கீப்பர், இரண்டு சென்டர் பேக், நடுவில் பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவர், முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கர், இந்த முதுகெலும்பு அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விங்கில் ஒருவர் மாறினால் சமாளிக்கலாம். இரண்டு சென்டர் பேக்கும் ஒரே கோடையில் போய்விட்டால், புதியவர்கள் ஒருவர் குரல் ஒருவருக்குப் பழகவே ஏழெட்டு ஆட்டம் ஆகும்.

புதுப் பெயர் வந்தால் விலை தானாக ஏறும், அங்கேதான் பெரிய அணிகளே சறுக்குகின்றன. உங்கள் எட்டுப் பேரில் ஒருவராவது மான்செஸ்டர் யுனைடெட் ரசிகராக இருப்பார், அவரைக் கேளுங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2020-21ல் 74 புள்ளியோடு இரண்டாவது இடம். அந்தக் கோடையில் ரொனால்டோ, வரான், சாஞ்சோ மூன்று பேரும் வந்தார்கள். இனி யார் தடுப்பது என்று உலகமே பேசியது. நவம்பரிலேயே பயிற்சியாளர் சோல்ஸ்க்யார் வேலையை இழந்தார். சீசன் முடிவில் ஆறாவது இடம், 58 புள்ளி, அடித்தது 57, வாங்கியதும் 57. ரொனால்டோ ஏமாற்றினாரா என்றால், இல்லை. லீகில் 18 கோல் அடித்தார். வந்தவர் தன் வேலையைச் செய்தும் அணி பதினாறு புள்ளி இறங்கியது. முன்னால் நிற்கிறவர் பந்தைத் துரத்தவில்லை என்றால் நடுவில் நிற்கிறவர் துரத்த வேண்டும், அவர் துரத்திப் போனால் அவருக்குப் பின்னால் வாசல் திறந்து கிடக்கும். பெயர்ப் பட்டியலில் இது தெரியாது.

மச்சான் கட்சிக்கு எதிராகவும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைப்பீர்கள். அதே லீகில் 2015-16 சீசன் தொடங்கும் முன்னால் லெஸ்டர் சிட்டி சாம்பியனாகும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு ஐயாயிரம் என்றார்கள். கடைசியில் அதுதான் சாம்பியன். முந்தின சீசனில் 14வது இடம், 41 புள்ளி. சரியான விலை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்த 41 புள்ளி எப்போது வந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. கடைசி இடத்தில் கிடந்த அணி, கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஆட்டத்தை ஜெயித்துத்தான் தப்பித்தது. சாம்பியனாகும் என்று அதை வைத்துச் சொல்லியிருக்க முடியாது, நானும் சொல்லியிருக்க மாட்டேன். 14வது இடத்து அணி இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்ம கதையிலும் இது உண்டு. 9 புள்ளி வாங்கிய வருஷத்துக்கு அடுத்து, 2019-20ல், பாதியில் ஓவன் காய்ல் வந்து அணியை ஃபைனல் வரை கொண்டுபோனார். 'இவ்வளவுதான் இந்த டீம்' என்று ஒதுங்கியவர்களும் அன்றைக்கு விலையைத் தப்பாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களை வைத்து மட்டும் எதுவும் முடிவு கட்டாதீர்கள். இடைவேளையில் பத்துப் பேரை மாற்றுகிற ஆட்டம் அது.

இனி உங்கள் பந்தயத்துக்கு வருகிறேன். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன உங்கள் ஊர் ஆட்களுக்கு மூன்று வருஷக் கணக்கு என்று ஒன்று உண்டு. வியாபாரம் அமோகம் என்று முகவர் கடிதத்தில் எழுதலாம், ஊரில் இருக்கிற முதலாளி ஐந்தொகையை, அதாவது கடைசி இருப்புக் கணக்கைத்தான் பார்ப்பார். உங்கள் டீக்கடையில் பத்து வருஷமாகக் கடிதம்தான் படிக்கிறார்கள், ஐந்தொகை ஒன்றுகூட இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கத்தில், மற்றவர் எழுதியதைப் பார்க்காமல், மூன்று விஷயம் எழுத வேண்டும்: எத்தனையாவது இடம், எத்தனை கோல் அடிக்கும், எத்தனை வாங்கும். 'கப்பு நமக்குத்தான்', 'வெறும் பில்டப்பு' இரண்டுக்கும் நோட்டில் இடம் கிடையாது, எண் மட்டும்தான். நோட்டு டீக்கடைக்காரர் கல்லாவில் இருக்கட்டும். சீசன் முடிந்ததும் பிரித்து, யார் எண் ரொம்பத் தள்ளி நிற்கிறதோ அவர் மெஸ் பில்லைக் கொடுக்கட்டும். ஒரு வருஷத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று வருஷம் வைத்திருந்தால் எட்டுப் பேரில் யார் எப்போதும் இரண்டு இடம் ஏற்றிச் சொல்கிறார், யார் எப்போதும் மூன்று இடம் இறக்கிச் சொல்கிறார் என்பது தெரிந்துவிடும். ஏற்றிச் சொல்கிறவர் நீங்கள்தான் என்று என் ஊகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இறக்கிச் சொல்கிறவர் விஷயத்தில் ஒன்று கவனித்தேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் 'எங்கள் அணி' என்கிறீர்கள். அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது 'உங்க டீம்'. பல்லவனில் எட்டு டிக்கெட் போட்ட மனிதர் 2018ல் 'உங்க டீம்' என்றா சொல்லியிருப்பார்? விடியுமுன்னே காரைக்குடியில் ரயில் ஏறி, ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு, திரும்புவதற்குப் பல்லவன் இல்லாமல் பஸ்ஸைத் தேடி அலைந்த மனிதர் அவர். அந்த 13 தோல்வி சீசனில் எங்கேயோ 'நம்ம' போய் 'உங்க' வந்திருக்கிறது. ரசிகர்களில் இரண்டு ஜாதி உண்டு, இத்தனை வருஷத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஏமாந்தால் ஏமாறட்டும் என்று விலையை ஏற்றிச் சொல்கிறவர் ஒருவர். இன்னொரு தடவை ஏமாற முடியாது என்று முன்னாலேயே இறக்கிச் சொல்லிவைக்கிறவர் இன்னொருவர். தோற்றால் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ளலாம், ஜெயித்தால் யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்படலாம். அக்கறை இல்லாதவர் வருஷா வருஷம் எட்டுப் பேர் சாப்பாட்டைப் பணயம் வைத்து இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். அவரிடம் போய் எட்டுப் பேர் முன்னால் 'ஃபுட்பால் தெரியாது' என்று சொன்னீர்களே தம்பி, வயதில் மூத்தவரிடம். நீங்கள் ஸ்டேடியத்தைப் பார்த்ததே அவர் கைக்காசில்.

வாட்ஸப்பில் மன்னிப்பு எழுதாதீர்கள், அதை அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார், அல்லது படிக்கவே மாட்டார். அவர் இப்போது டீ குடிக்கிற கடைக்கு நீங்கள் போங்கள். நோட்டை எடுத்துப் போய் முதல் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். "மச்சான், முதல்ல நீங்க எழுதுங்க" என்று சொன்னால் போதும். இந்த வருஷ ஆள் பட்டியலை அவர் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பார், பாருங்கள்.

நம்ம அணி எத்தனையாவது வரும் என்று என்னையும் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் முழுதாக வராமல் எழுத மாட்டேன் என்பது என் விதி. வந்ததும் ஒரு கவரில் மூன்று எண்ணை எழுதி ஒட்டி உங்கள் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். அதையும் அந்தக் கல்லாவில் போட்டு வையுங்கள். என் எண் தள்ளிப் போயிருந்தால் மெஸ் பில்லுக்கு நானே காரைக்குடி வருகிறேன், முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தத் தூக்கு இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.